ஹெட்டைச் சீவினால் டேப்பெட்டையும் பாருங்கள்

ஆயில் இன்ஜின் ஹெட்டை லேத் பட்டறையில் கொடுத்து, மட்டமாகச் சீவி வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதி வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

திருவாரூர் பக்கம் எங்களுக்கு, வாய்க்காலில் தண்ணீர் தாழ்ந்து ஓடும் நாட்களில் 5 குதிரைத்திறன் இன்ஜின்தான் குறுவைக்குக் கைகொடுக்கும். இன்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீரையும் பம்பின் டெலிவரி குழாயிலிருந்தே சின்ன ட்யூப் வழியாக எடுப்போம். புட்வால்வில் செத்தை சிக்கிப் பம்பு காற்று வாங்கினால், வயலோடு சேர்ந்து இன்ஜினுக்கும் தண்ணீர் நின்றுவிடும். போன குறுவையில் எங்கள் ஹெட் கோணியது அப்படித்தான். கேஸ்கெட் போய், வெளியே வரும் தண்ணீரில் குமிழி விட்டது.

பட்டறையில் 0.3 மி.மீ. சீவி, புது கேஸ்கெட்டோடு மாட்டியும் கொடுத்தார்கள். அதன்பின் இன்ஜின் ஸ்டார்ட் ஆகவே அடம்பிடித்தது. ஓடினாலும் வெள்ளைப் புகை, இழுவை இல்லை. நாசில் போச்சு என்றார்கள், மாற்றினோம். அடுத்து டீசல் பம்பைக் கழற்றணும் என்றார்கள். நட்டு பத்து நாள்கூட ஆகவில்லை, வயல் வெடிப்பு விட ஆரம்பித்துவிட்டது.

பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர், பழைய மெக்கானிக், வந்து ராக்கர் மூடியை மட்டும் திறந்தார். "தம்பி, வால்வு மூடவே இல்லை. காத்து எப்படி அமுங்கும்?" என்றார். டீசலுக்குப் பிளக் கிடையாது. அமுங்கிச் சூடேறிய காற்றில்தான் அது பற்ற வேண்டும்.

கணக்கு எளிது. ஹெட் 0.3 இறங்கினால் ராக்கரும் இறங்கும். புஷ் ராடின் நீளம் மாறாது, ஆகவே டேப்பெட் இடைவெளி அந்த அளவுக்குக் குறையும். பட்டறைக்காரர் வால்வு சீட்டையும் வெட்டி, வால்வைப் பழைய ஆழத்துக்கு இறக்கியிருந்தார். அது சரியான வேலைதான். இல்லாவிட்டால் பிஸ்டன் மேலே வரும்போது வால்வில் இடித்துவிடும். ஆனால் அதனால் வால்வின் தண்டு இன்னொரு 0.3 மேலே ஏறும். ஆக ஏறத்தாழ 0.6 மி.மீ. போயிற்று. எங்கள் இன்ஜினுக்கு இருக்க வேண்டிய மொத்த இடைவெளியே 0.2!

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் டேப்பெட் வைக்க வேண்டும். ஃப்ளைவீலைக் கையால் சுற்றும்போது இன்லெட் வால்வு திறந்து மூடும். அதன்பின் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தில் நிறுத்தினால் இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டும். இன்ஜினோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு ஃபீலர் கேஜ் தகடு லேசாக உரசி நுழையும்படி திருகி, லாக் நட்டை இறுக்கி, மறுபடி தகட்டை விட்டுப் பாருங்கள். இறுக்கும்போது அளவு நகர்ந்துவிடும். கேஜ் இல்லாத அவசரத்துக்குச் சவர பிளேடு உதவும்; ஒன்று சுமார் 0.1 மி.மீ. ஆக்சா பிளேடை நுழைப்பவர்களும் உண்டு. அது 0.6 மி.மீ.க்கு மேல், நம்பாதீர்கள்.

சில மணி நேரம் ஓட்டினால் புது கேஸ்கெட் அமுங்கும். ஆறவைத்து, ஹெட் நட்டுகளைக் குறுக்குமறுக்காக இறுக்கி, டேப்பெட்டை இன்னொரு முறை பார்க்க வேண்டும். இதைப் பட்டறையில் யாரும் சொல்வதில்லை.

பெரியவர் போகும்போது ஹெட்டின் பக்கவாட்டில் பஞ்சால் மூன்று புள்ளி அடித்துவிட்டுப் போனார். சீவிய 0.3 அங்கே இருக்கிறது. அடுத்து யார் கழற்றினாலும் தெரியும்.