நட்சத்திரத்துக்கு வழி, நந்தம்பாக்கம்!

கத்திப்பாராவில் ஆட்டோவை நிறுத்தி, ‘‘நந்தம்பாக்கம் வார் சிமெட்ரி’’ என்றேன். டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

‘‘சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா சார்?’’

‘‘இல்லப்பா. சும்மா பார்க்கத்தான்.’’

மவுன்ட்-பூந்தமல்லி ரோட்டு லாரி இரைச்சலெல்லாம் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே ஒட்ட வெட்டிய புல், பூச்செடி, வரிசை வரிசையாகக் கற்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த 856 பேர். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல ஊர்க் கல்லறைகளில் கிடந்தவர்களை, அங்கெல்லாம் நிரந்தரமாகப் பராமரிக்க முடியாது என்று 1952-ல் இந்த இடத்தை உண்டாக்கிக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு கல்லின் தலையிலும் அவரவர் படைப்பிரிவின் சின்னம். பல சின்னங்களில் லத்தீன். எனக்குத் தெரிந்த ஒரே லத்தீன் ‘எட்செட்ரா’. அதனால் வீட்டிலிருந்தே அர்த்தம் எழுதி எடுத்துப் போயிருந்தேன்.

பீரங்கிப் படைக்கு ‘உபிக்வே’. ‘எங்கும்’ என்று அர்த்தம். போகாத போரே இல்லை, எத்தனை ஊர்ப் பெயரைத்தான் கொடியில் எழுதுவது என்று, 1830-களில் மன்னர் நான்காம் வில்லியம் இந்த ஒரே வார்த்தையைக் கொடுத்துவிட்டார். எஞ்சினீயர் படைக்கும் இதேதான். ‘எங்களுக்கு அது எங்கும் இருப்போம், பீரங்கிக்காரர்களுக்கு, குண்டு எங்கே வேண்டுமானாலும் விழும்’ என்று எஞ்சினீயர்கள் கிண்டலடிப்பார்களாம்!

விமானப் படைக்கு ‘பெர் ஆர்துவா அத் அஸ்த்ரா’. இன்னல்களைக் கடந்து நட்சத்திரங்களுக்கு. 1913-ல் ஐந்தாம் ஜார்ஜ் சம்மதித்தது. (நம் விமானப் படை கீதையின் பதினோராம் அத்தியாயத்திலிருந்து சமஸ்கிருதம் எடுத்துக்கொண்டது. வீட்டில் யாரும் பேசாத பாஷையில் சொன்னால்தான் வீரம் வரும் போலிருக்கிறது.)

பின்னால் செருப்புச் சத்தம். ஆட்டோ டிரைவர்! வெயிட்டிங்கில் போரடித்து உள்ளே வந்துவிட்டார்.

‘‘இன்னா சார் எழுதியிருக்கு?’’

சொன்னேன். கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘‘நட்சத்திரத்துக்குப் போறேன்னு கெளம்பி நந்தம்பாக்கம் வந்துட்டானா! வயசு இன்னா சார், இருவத்தொண்ணா?’’

எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. மேலே இருக்கும் லத்தீன் ராணுவம் கொடுத்தது. கல்லின் அடியில் ஓரிரு வரி மட்டும் குடும்பத்துக்கு. அங்கே யாரும் லத்தீனுக்குப் போகவில்லை. அம்மா, அப்பா, மனைவி என்று சாதாரண இங்கிலீஷ். ஒரு கடிதத்தின் கடைசி வரி மாதிரி.

சில கற்களில் அந்த இடம் காலி.

டிரைவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். அவருக்கு எண்கள் மட்டும் போதுமாக இருந்தது. ‘‘இருவத்திமூணு... பத்தொம்போது... இது இருவது சார்...’’ என்று வயதை வாசித்துக்கொண்டே நடந்தார். நான் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.