பக்கத்து இருக்கை

அரபு நாடுகளில் வண்டி ஓட்டும் உரிமத்துக்கு ‘ருக்ஸா’ என்று பெயர். வளைகுடாவில் ஓட்டுநராயிருந்து திரும்பிய நம் பகுதிப் பிள்ளைகள் வாயிலும் அச்சொல் புழங்குகிறது. பிக்ஹு ஓதியோருக்கோ ருக்ஸத் என்றால் சலுகை. பிரயாணி தொழுகையைச் சுருக்கிக் கொள்வது போன்றது. ஆசிரியர் முன் அமர்ந்து நூலை ஓதி முடித்தவனுக்கு வழங்கப்படுவது வேறு. அதன் பெயர் இஜாஸத். லாரி ஓட்டப் புகும் இளைஞரைக் காணுந்தோறும் இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரம் நம் நினைவுக்கு வருகிறது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சரக்கு வண்டி ஓட்ட 20 வயது நிரம்ப வேண்டும். இலகுரக வண்டிக்கான உரிமம் பெற்று ஓராண்டு கழிந்த பின்னரே அதற்குரிய பழகுநர் உரிமம் கிடைக்கும். 1989ஆம் ஆண்டு விதிகள் பயிற்சிப் பள்ளிக்கு 30 நாட்களும், அவற்றுள் மெய்யாகவே ஓட்டிப் பழக 15 மணி நேரமும் குறைந்த அளவென வகுத்தன. 2021இல் வந்த அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் இது ஆறு வாரம், 38 மணி நேரம். ஐரோப்பிய ஒன்றியமோ முழுப் பயிற்சிக்கு 280 மணி நேரம் என்கிறது. சுருக்கப் பயிற்சிக்கே 140. பதினைந்து மணி நேரத்தில் நம் மாணவர் ‘ஸர்பு’ பாடத்தில் ஒரு வினைச்சொல்லின் வாய்பாட்டைத் தட்டுத் தடுமாறி ஒப்பிப்பார், அவ்வளவே.

உண்மையில் லாரித் தொழிலின் மத்ரஸா, கிளீனர் வேலையாகவே இருந்து வந்தது. பையன் முதலில் கண்ணாடி துடைப்பான். டயரைத் தட்டி ஓசையால் காற்றறிவான். மேட்டில் நின்றால் சக்கரத்துக்குக் கட்டை போடுவான். பின்னால் நின்று ‘வரட்டும், வரட்டும்’ என்பான். பாரம் எப்பக்கம் சாய்கிறது, கயிறு எங்கே தளர்கிறது என்பதையெல்லாம் கண் பழகும். நள்ளிரவில் ஓட்டுநருக்குக் கண் சொருகாமல் பேச்சுக் கொடுப்பதும் அவன் கடமை. ஈராண்டு மூவாண்டு கழித்து, ஆளற்ற சாலையில் ஒரு நாள் ஸ்டியரிங் அவன் கைக்கு வரும். அதில் ஏச்சும் அடியும் இருந்தன. அவற்றை நாம் புகழவில்லை.

தேசியப் பெர்மிட் லாரிகளுக்கு இரண்டு ஓட்டுநர் வேண்டும் என்ற விதி 2018இல் நீக்கப்பட்டது. கிளீனரும் அருகி வருகிறார். ஆக, பக்கத்து இருக்கை காலியாயிற்று.

நம்மிடம் ஓதிய ஒரு பிள்ளை அண்மையில் உரிமம் பெற்றான். காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் நம் திருக்காட்டுப்பள்ளியில் மேடென்பது ஆற்றுக் கரைதான். அவன் பழகியதெல்லாம் இச்சமவெளியிலே. முதல் வேலையே வாழைத்தார் ஏற்றிக்கொண்டு தன்னந்தனியாகப் பெங்களூர். திரும்பும் வழியில் தொப்பூர்க் கணவாய் இறக்கம். எத்தனை லாரிகள் அங்கே கவிழ்ந்தன! டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் எஞ்சினின் பிடிப்பு அற்றுப்போகும்; பாரமெல்லாம் பிரேக்கின் மேல் விழ, அது காய்ந்து பிடிக்காமற் போகும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய ஓட்டுநர்களின் பாடம்.

“தம்பி, தொப்பூர் பார்த்திருக்கிறாயா?” என்றோம்.

“போனால் தெரிந்துவிடும், ஹஜ்ரத்” என்றான்.

துஆச் செய்யச் சொல்லி வந்திருந்த அவன் தாயாரின் முகம் வாடியது. சில நடை பெரியவர் ஒருவருடன் போய் வரட்டுமே என்றோம். “அந்த நடைகளுக்குச் சம்பளம் பாதிதானே, ஹஜ்ரத். வட்டியில்லாமல் கைமாற்று வாங்கியிருக்கிறோம். சொன்ன தேதிக்குக் கொடுக்க வேண்டாமா?” என்றார். அதற்கு நாம் என்ன விடை சொல்ல? லாரி உரிமையாளரைப் பார்த்தோம். இவன் போகாவிட்டால் உரிமத்துடன் வேறொருவன் காத்திருக்கிறான் என்றார். அவரையும் முற்றக் குறை சொல்வதற்கில்லை; வாடகை படியாத காலம்.

முடிவில், முழங்கால் வலியால் ஓய்ந்திருந்த நம் தெருப் பழைய ஓட்டுநர் ஒருவர், சாப்பாடும் படியும் கொடுத்தால் மூன்று நடை உடன் வருவதாக ஒப்பினார். படியை உரிமையாளர் பாதியும் நாம் பாதியுமாக ஏற்றோம். சென்ற வெள்ளியன்று அஸருக்குப் பின் புறப்பட்டனர். பையன் கட்டியிருந்த கயிற்றைப் பெரியவர் இழுத்துப் பார்த்தார்; முழுவதையும் அவிழ்த்து மறுபடி கட்டச் சொன்னார். அதில் அரை மணி நேரம் தாமதமாயிற்று.