மூன்று அம்மனும் ஒரு சிவப்புக் காரும்

மீஞ்சூரிலிருந்து என் தங்கை டெலிபோனில் கூப்பிட்டாள்.

"அக்கா, உடனே புறப்பட்டு வா. பையனுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு!"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. "என்னடி பைத்தியம்?" என்றேன்.

"கார்ப் பைத்தியம்!" என்றாள்.

அப்பாடா என்று பெருமூச்சு விட்டேன். ஆனால் விஷயத்தைக் கேட்ட பிறகு, அந்தப் பெருமூச்சை அவசரப்பட்டு விட்டுவிட்டோமோ என்று தோன்றியது. பையனுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. போக வர தினம் அறுபது கிலோமீட்டர். ஒன்பது வருஷமாக ஒரு சின்னக் காரில் போய் வருகிறான். இப்போது அதைத் தள்ளிவிட்டு, யாரோ ஒருவர் இரண்டு வருஷம் ஓட்டிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கப் போகிறானாம். பணம்? அவனுடைய அப்பா உழுத காணியில் புது ரோட்டுக்குப் போனது போக எஞ்சிய துண்டை விற்ற பணம்! அந்தப் பணத்தில் மாடி கட்டி வாடகைக்கு விட வேண்டும் என்பது மருமகளின் யோசனை. வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சு வார்த்தை இல்லை. ரசத்துக்கு உப்புப் போதுமா என்றுகூட யாரும் யாரையும் கேட்பதில்லையாம்.

வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் சேர்ந்து வந்த நாள் அது. ஒரு பஞ்சாயத்தும் ஒரு புண்ணியமும் சேர்ந்து நடக்கட்டும் என்று முதல் நாளே சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறிவிட்டேன்.

மீஞ்சூருக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம் என்று வரிசையாக வரும். ஒரு பக்கம் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வானத்தை முட்டும். இன்னொரு பக்கம் வயலில் கொக்கு நிற்கும். இரண்டும் ஒன்றை ஒன்று கண்டுகொள்வதில்லை. ஏகாம்பரநாதர், வரதராஜப் பெருமாள் இரண்டு பேருமே இந்த ஊரில் கோயில் கொண்டிருப்பதால் இதை வட காஞ்சி என்பார்கள். கிழக்கே காட்டுப்பள்ளியில், கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010ல் தொடங்கியது. நாள் ஒன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் தயாரிக்கும் அளவில் கட்டியது. உங்கள் வீட்டு ரசத்தில் மீஞ்சூர்க் கடல் கலந்திருந்தாலும் ஆச்சரியமில்லை! பக்கத்திலேயே காமராஜர் துறைமுகம். சென்னைச் சுற்றுவட்டாரத்தில் தயாராகும் புதுக் கார்கள் பல அங்கே கப்பல் ஏறுகின்றன. கார்கள் இப்படி வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிற ஊரில் ஒரு பையனுக்குக் கார்ப் பைத்தியம் பிடிப்பது அவன் குற்றம் மட்டும்தானா?

மறுநாள் விடியற்காலையில் வாசலில் வந்து நின்றது அந்த வண்டி. செக்கச் சிவப்பு. இரண்டே கதவு. விற்பவர் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருந்தார். "பெரியம்மா, நீங்களே உட்கார்ந்து பார்த்துட்டுச் சொல்லுங்க. மூணு அம்மன் கோயிலுக்கும் இதிலேயே போயிட்டு வரலாம்" என்றான் பையன்.

மூன்று அம்மன் என்பது என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மீஞ்சூரை அடுத்த மேலூரில் திருவுடையம்மன், திருவொற்றியூரில் வடிவுடையம்மன், வட திருமுல்லைவாயிலில் கொடியிடையம்மன். இச்சை, ஞானம், கிரியை என்ற மூன்று சக்திகளாக இவர்களைச் சொல்வார்கள். பௌர்ணமியும் வெள்ளியும் கூடிய நாளில் காலையில் மேலூர், உச்சிப் போதில் திருவொற்றியூர், மாலையில் திருமுல்லைவாயில் என்று தரிசனம் செய்வது பெண்கள் விரும்பிச் செய்யும் யாத்திரை.

முதல் சோதனை வாசலிலேயே வந்தது. தங்கையின் மாமியாருக்கு, அதாவது பையனின் ஆயாவுக்கு, வயது எண்பது. வண்டியின் ஸீட்டோ முழங்காலுக்குக் கீழே இருந்தது. ஆயா குனிந்து பார்த்தாள். ஒரு காலை உள்ளே வைத்தாள். மறு காலை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தாள்.

"ஏண்டாப்பா, இதிலே உட்காரணுமா, படுக்கணுமா?" என்று கேட்டாளே பார்க்கலாம்!

கடைசியில் நானும் பையனும் சிவப்புக் காரில். ஆயாவையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு மருமகள் பழைய சின்னக் காரில் என்று ஏற்பாடாயிற்று. மருமகள் கல்யாணத்துக்குப் பிறகுதான் ஓட்டக் கற்றுக்கொண்டவள். பையனைப் பார்க்காமல் என்னிடம் மட்டும், "பெரியத்தை, நீங்க முன்னாடி போங்க. நாங்க மெதுவா வந்து சேர்றோம்" என்றாள். அந்த 'மெதுவா'வில் கொஞ்சம் காரம் இருந்தது.

மேலூரில் தரிசனம் முடித்துத் திருவொற்றியூர்ச் சாலையில் திரும்பினோம். பையன் எனக்குப் பாடம் நடத்தினான். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட அந்த வண்டிக்கு ஐந்து விநாடி கூட வேண்டாமாம். "நம்ம செங்கல்பட்டுப் பக்கத்திலே மஹிந்திரா சிட்டியில் பி.எம்.டபிள்யூ. கம்பெனி 2007லேருந்து கார் பூட்டுது, பெரியம்மா. 2021லே அங்கேயே 387 குதிரை சக்தியில் ஒரு வண்டி வந்தது. தினம் ஆபீசுக்கு அதிலே போறவங்க இருக்காங்க" என்றான். வாஸ்தவமாக இருக்கலாம். ஆனால் எங்கள் எதிரே அப்போது நின்றவை குதிரைகள் அல்ல, யானைகள். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள்! ஒன்றன் பின் ஒன்றாக, வாலைப் பிடித்துக்கொண்டு போகும் யானைக் கூட்டம் போல நகர்ந்தன. அத்தனை குதிரைகளும் எங்கள் காலடியில் உறுமிக்கொண்டு நடைபோட்டன.

இதற்கு நடுவே வேகத்தடை. சாஸ்திரப்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். நம் ஊர்த் தெருக்களில் சாஸ்திரம் பார்த்தா போடுகிறார்கள்? அந்த வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே நாலரை அங்குலம்தான் இடைவெளி. ஒவ்வொரு தடையிலும் பையன் வண்டியைக் கோணலாகத் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றினான். அவனோடு நானும் மூச்சைப் பிடித்தேன். ஓரிடத்தில் அடியில் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தால், தன் வயிற்றையே யாரோ அரத்தால் ராவியது போலிருந்தது.

திருவொற்றியூர்க் கோயில் வாசலில் போய் நின்றபோது அங்கே ஆயா உட்கார்ந்து நீர்மோர் குடித்துக்கொண்டிருந்தாள்!

"நாலு நிமிஷம் ஆச்சு வந்து" என்றாள் மருமகள். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அதிகம்.

மாலையில் திருமுல்லைவாயிலில் கொடியிடையம்மனைத் தரிசித்துவிட்டுத் திரும்பும்போது, "இப்போ பாருங்க பெரியம்மா" என்று பையன் நெமிலிச்சேரி வழியாக வெளிவட்டச் சாலையில் ஏறினான். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை ஊரைச் சுற்றிக்கொண்டு சுமார் 60 கிலோமீட்டர் ஓடும் ரோடு அது. மீஞ்சூர் வரையிலான இந்தப் பாதி 2021ல் திறந்தது. அகலமோ அகலம்!

அடேயப்பா! நேயர்களிடம் நான் பொய் சொல்லப் போவதில்லை. வண்டி சீறிப் புறப்பட்டபோது என் முதுகு ஸீட்டோடு ஒட்டிக்கொண்டது. மனசு மட்டும் பதினாறு வயதுக்குத் திரும்பி ஓடிவிட்டது. எங்கள் வீட்டில் அந்த நாளில் இருந்தது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இதே ரோட்டின் தெற்கு முனையில், வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961 முதல் செய்த வண்டி. மேடு வந்தால் முனகும். சீமையில் அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962ல் 'ஸ்பிட்ஃபயர்' என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள் என்று பையன் சொன்னபோது, எங்கள் சாதுப் பசுவுக்கு இப்படி ஒரு ஜல்லிக்கட்டுக் காளையா என்று பூரித்துப் போனேன்.

சோழவரம் பக்கம் வந்ததும் அவன் கையை நீட்டிக் காட்டினான். இரண்டாவது உலக யுத்தத்தின்போது போட்ட விமான ஓடுபாதை அங்கே உண்டு. 1953ல் ஏற்பட்ட மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷம் அங்கேதான் பந்தயங்களை நடத்தியது. சாப்பாட்டு மூட்டையும் குடையுமாக ஜனங்கள் போய்ப் பார்ப்பார்கள். பிறகு 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தனிப் பாதை வந்துவிட்டது. நம் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். 2024ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் விளக்கு வெளிச்சத்தில் பந்தயமே நடந்தது. ஆகவே, இந்தப் பைத்தியம் நம் மண்ணுக்குப் புதிதல்ல.

"நூத்தி இருபது!" என்றான் பையன் குதூகலமாக.

அப்போதுதான் அது நடந்தது. எங்களுக்கு எதிராகவே, எங்கள் பக்கத்திலேயே, பின்னால் புல்லுக்கட்டு வைத்த ஒரு மொபெட்! சுற்றிக்கொண்டு போக மனமில்லாமல் எதிர்த் திசையில் வந்துகொண்டிருந்தார் ஒரு பெரியவர். பையன் பிரேக்கை மிதித்தான். பெல்ட் என் தோளை அறுத்தது. வண்டி அலறிக்கொண்டு நின்றது. பெரியவர் எங்களை ஏறிட்டும் பாராமல், புல் ஒன்று கண்ணாடியில் உரச, போயே போய்விட்டார்.

வண்டியை ஓரம் கட்டினான். இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"நல்ல பிரேக், பெரியம்மா" என்றான் கடைசியில், ஈனசுவரத்தில்.

"ஆமாம், நல்ல பிரேக். ஆனா கண்ணு பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகுமேடா? அதுக்குள்ளே வண்டி எவ்வளவு தூரம் போகும்?" என்றேன்.

அவன் என்ஜினீயர். கணக்குத் தானாக வந்தது. "முப்பத்து மூணு மீட்டர். வேகம் ரெண்டு மடங்கானா, பிரேக் பிடிச்சு நிக்கிற தூரம் நாலு மடங்கு." சொல்லிவிட்டு வெளியே பார்த்தான். "இங்கேதான் எங்கேயோ அப்பாவோட நிலம் இருந்தது. அந்தப் பெரியவர் மாதிரிதான் அப்பாவும் புல்லுக்கட்டோட வருவார்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

சற்று நேரத்தில் பழைய கார் வந்து எங்கள் பின்னால் நின்றது. மருமகள் ஓடி வந்து முதலில் அவன் முகத்தைப் பார்த்தாள்; அப்புறம் கையைப் பிடித்தாள். ஒரு வார மௌனம் அந்த ரோட்டோரத்தில் முடிந்தது.

அன்று இரவு கூடத்தில் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தோம். நெமிலிச்சேரியிலிருந்து மீஞ்சூர் முப்பது கிலோமீட்டர். எண்பதில் வந்தால் இருபத்திரண்டரை நிமிஷம். நூற்றிருபதில் வந்தால் பதினைந்து நிமிஷம். மிச்சம் ஏழரை! "ஏழரையா? அது சனியோட கணக்காச்சே!" என்றாள் ஆயா. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டினால் சின்னக் கார் லிட்டருக்குப் பதினெட்டுக் கொடுக்கும். சிவப்புக் கார் ஒன்பது. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால், ஒன்றுக்கு 8,300 ரூபாய் சொச்சம். மற்றதற்கு 16,600 சொச்சம். இன்ஷுரன்ஸ், டயர், சர்வீஸ் எல்லாம் தனி.

வீட்டில் கார் வாங்கும் பேச்சு எழுந்தால் சகோதரிகள் நான்கு கேள்வி கேளுங்கள். வீட்டின் முதிய பெண்மணி உதவியில்லாமல் ஏறி இறங்க முடியுமா? தெருமுனை வேகத்தடையை அடி தட்டாமல் தாண்டுமா? மாதச் செலவைக் கணக்கெழுதிப் பார்த்தாயிற்றா? அந்த வேகத்தை ஓட்ட உங்கள் தினசரி வழியில் எத்தனை கிலோமீட்டர் உண்டு? இந்த நான்குக்கும் நல்ல பதில் வந்தால் தாராளமாக வாங்கலாம். ஆசை ஒன்றும் பாவமில்லை.

எங்கள் வீட்டில் பதில் வரவில்லை. மறுநாள் காலை பையன் சிவப்புக் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். முகம் வாடித்தான் இருந்தது. அப்போது மருமகள் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

"மாடி வாடகை வர ஆரம்பிச்சதும், வருஷத்துக்கு ஒரு தடவை இருங்காட்டுக்கோட்டைக்குப் போய், பந்தயம் ஓட்டக் கத்துக்குடுக்கிறவங்ககிட்டே ஆசை தீர ஓட்டிட்டு வாங்க. அங்கே எதிரே புல்லுக்கட்டு வராது."

பையன் சிரித்தான். ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு என்றாள் தங்கை.

நான் ரயிலுக்குப் புறப்பட்டபோது ஆயா என்னை அருகே அழைத்து, காதோடு கேட்டாள்: "ஏம்மா, உண்மையைச் சொல்லு. அந்தச் சிவப்பு வண்டி எப்படி இருந்தது?"

"அதை ஏன் கேக்கறீங்க... சொர்க்கம்!" என்றேன்.

"அதான் சீக்கிரம் கொண்டு போயிடும்போல இருந்ததே!" என்றாள் ஆயா.