"சொந்தப் புள்ளயெண்டா மாத்துவீங்களா, டீச்சர்?"



மகனைப் பெரிய பாடசாலையிலிருந்து எடுத்துச் சின்னப் பாடசாலையில் சேர்த்து ஒரு தவணை முடிந்துவிட்டது. கேள்விகள் மட்டும் இன்னும் முடியவில்லை. கல்யாண வீட்டிலும் கேட்கிறார்கள், கடையிலும் கேட்கிறார்கள், கூடப் படிப்பிக்கிற ஆசிரியர்களும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். மகனிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். வாசித்துவிட்டு இரண்டு பந்திகளை வெட்டிவிட்டான். பெற்ற தாய் தகப்பனைப் பற்றிய பந்திகள் அவை. அது அவனுடைய கதை, விரும்பினால் அவனே சொல்லட்டும்.

தெரியாதவர்களுக்காக: அவன் எங்கள் வளர்ப்பு மகன். ஐந்து மாதக் குழந்தையாக எங்கள் வீட்டுக்கு வந்தான். அப்போது என் மகளுக்கு எட்டு மாதம். இருவருக்கும் ஒன்றாகவே பால் கொடுத்தேன். ஆகவே மார்க்கப்படி நான் அவனுக்குப் பால்குடித் தாய், என் மகள் அவனுக்குச் சகோதரி. பெயரை மட்டும் நாங்கள் மாற்றவில்லை. ஸைத் பின் ஹாரிஸா (ரழி) அவர்களை முஹம்மதின் மகன் ஸைத் என்றுதான் மக்கள் அழைத்து வந்தார்கள். வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தந்தையின் பெயரோடு சேர்த்தே அழைக்கும்படி ஸூரா அல்அஹ்ஸாபின் 5ஆவது வசனம் இறங்கிய பிறகு, அவர் மறுபடி ஹாரிஸாவின் மகன் ஸைத் ஆனார். அவரிடம் நபியவர்களுக்கு இருந்த அன்பு அதனால் குறையவில்லை. எங்கள் மகனும் அப்படியே தன் பெற்ற வாப்பாவின் பெயரைத் தாங்கி நிற்கிறான்.

வீட்டில் இது ஒரு விஷயமே இல்லை. பாடசாலையில்தான் விஷயமானது.

பெரிய பாடசாலையைக் குறை சொல்வதற்கு இதை எழுதவில்லை. யாரும் அவனை அடிக்கவில்லை, படிப்பும் நல்ல படிப்பு. ஆனால் ஒரு தரத்தில் ஆறு வகுப்பு, ஒரு வகுப்பில் நாற்பத்து நாலு பிள்ளைகள். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளைக் கலைத்துப் புது வகுப்பாக்குவார்கள். வகுப்பாசிரியரும் புதியவர். முதல் நாள் பதிவேட்டை விரித்து, "வாப்பாட பேர் என்ன? என்ன தொழில்?" என்று வகுப்புக்கு முன்னால் கேட்பார். தேர்ச்சி அறிக்கையில் கையொப்பம் வைத்தவரின் பெயர் வேறு, பதிவேட்டில் உள்ள பெயர் வேறு. "ஏன் வேறயா இருக்கு?" என்று அடுத்த கேள்வி வரும். தரம் 6, 7, 8, 9 என்று நான்கு வருடமும் புதுப் பிள்ளைகள் நாற்பது பேருக்கு முன்னால் அவன் எழுந்து நின்று தன் பிறப்பை விளக்கியிருக்கிறான். தரம் 8இல் ஒரு பட்டப் பெயரும் வந்து சேர்ந்தது. அதை இங்கே எழுத மாட்டேன்.

இன்னொன்றும் நடந்தது. ஒரு முறை உதவிக் கொப்பிகள் வந்தபோது, காலைக் கூட்டத்தில் யதீம் பிள்ளைகளின் பெயர்களை வாசித்து மேடைக்கு அழைத்துப் படம் எடுத்தார்கள். அவனுடைய பெயரும் அதில் இருந்தது. அவன் போகவில்லை. வீட்டுக்கு வந்து, "உம்மா, நான் யதீமா? எனக்கு வாப்பா இருக்காருதானே?" என்று கேட்டான். பட்டியல் எழுதியவரைப் பொறுத்தவரை அது சரியான பட்டியல். ஒரு பிள்ளையின் மனம் அந்தப் பட்டியலில் இல்லை.

தரம் 9இல் ஞாயிறு இரவானால் வயிற்று வலி தொடங்கியது. டாக்டருக்குக் காட்டினோம், உடம்பில் ஒன்றுமில்லை என்றார். மூன்றாம் தவணையில் மட்டும் முப்பத்தொரு நாள் வரவில்லை. கணிதத்தில் முப்பத்தெட்டுப் புள்ளி.

பாடசாலை மாற்றுவதைப் பற்றி முதன்முதல் பேசிய இரவு அவன் கேட்ட கேள்வி இது: "என்னத் திருப்பி அனுப்பப் போறீங்களா?"

வளர்ப்புப் பிள்ளை உள்ள வீட்டார் இதைக் கவனிக்க வேண்டும். மற்றப் பிள்ளைக்குப் பாடசாலை மாற்றம் என்பது பாடசாலை மாற்றம் மட்டும்தான். இப்படியான பிள்ளைக்கு, 'இடம் மாறுதல்' என்ற சொல்லே வேறு மாதிரிக் கேட்கும். அதனால் என்னென்ன மாறாது என்பதை முதலில் சொன்னோம். வீடு மாறாது, அறை மாறாது, பின்னேரக் குர்ஆன் மத்ரஸா மாறாது, கிரிக்கெட் விளையாடும் கூட்டாளிமார் மாற மாட்டார்கள். மாறுவது காலை ஏழரை முதல் பகல் ஒன்றரை வரை மட்டும். பிறகு அவனையே கூட்டிக்கொண்டு போய் அந்தப் பாடசாலையைக் காட்டினோம். இரண்டு கிழமை யோசித்துவிட்டு, போவதாக அவனே சொன்னான்.

ஆசிரியை என்ற முறையில் இழப்பையும் மறைக்காமல் சொல்கிறேன். அது தரம் 11 வரை மட்டும் உள்ள வகை 2 பாடசாலை. உயர்தரத்துக்கு மறுபடி வேறு பாடசாலை தேட வேண்டும். விஞ்ஞான ஆய்வுகூடம் பெயருக்குத்தான் இருக்கிறது. சாதாரண தரத்துக்கு ஆறு கட்டாயப் பாடங்களோடு மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொரு பாடம் எடுக்க வேண்டும் அல்லவா? மகனுக்குச் சித்திரத்தில்தான் உயிர். அங்கே சித்திர ஆசிரியர் இல்லை. தமிழ் இலக்கிய நயம் எடுத்திருக்கிறான். இன்றும் அது அவனுக்குக் கவலைதான். இப்படி மாற்ற நினைக்கும் பெற்றோர் தரம் 10 தொடங்குமுன் மாற்றுவது நல்லது. தொகுதிப் பாடங்களை எடுத்துப் படிக்கத் தொடங்கிய பிறகு மாறினால், புதிய இடத்தில் அதே பாடங்கள் இல்லாமல் பிள்ளை திண்டாடும்.

இனி அங்கே கிடைத்ததைச் சொல்கிறேன். தரம் 10இல் ஒரே வகுப்பு, பதினேழு பிள்ளைகள். சேர்க்கப் போன அன்று அதிபர் என்னிடம் பேசுமுன் அவனிடம் கேட்டார்: "மகன், ஒங்கட விஷயத்த ஆசிரியர்மாருக்கு நான் சொல்லவா, நீங்களே சொல்லுவீங்களா?" அவரையே சொல்லச் சொன்னான். ஆசிரியர் கூட்டத்தில் ஒரு தடவை சொன்னார், அதோடு சரி. படிவத்தில் பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்று இருந்த இடத்தில் என் கணவரின் பெயரைப் பாதுகாவலராக எழுதினோம். ஒரே ஆசிரியரே இரண்டு பாடம் எடுப்பதால் நாளில் இரண்டு மூன்று தடவை அவனைக் காண்கிறார். ஒரு நாள் அவன் வராதபோது எட்டரை மணிக்கே எனக்குத் தொலைபேசி வந்தது.

சின்னப் பாடசாலை சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். சின்ன இடத்தில் கதை வேகமாகப் பரவும். இரண்டாம் நாளே ஒரு பொடியன் நேராகக் கேட்டுவிட்டான்: "நீ எடுத்து வளத்த புள்ளயாமே?" இவன், "ஓம், அதுக்கென்ன?" என்றானாம். அன்றோடு அந்தக் கதை முடிந்தது. பதினேழு பேருக்கும் தெரியும், வருகிற வருடமும் அதே பதினேழு பேர்தான். பெரிய இடத்தில் அந்தக் கேள்வி ஒவ்வொரு ஜனவரியிலும் புதிதாகப் பிறந்தது. இங்கே ஒரு தடவை பதில் சொன்னால் போதுமாக இருந்தது. இந்தப் பிள்ளைக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

"சொந்தப் புள்ளயெண்டா மாத்துவீங்களா?" என்று கேட்டவர்களுக்கு: என் மகள் பெரிய பாடசாலையில்தான் படிக்கிறாள், அவளுக்கு அது பொருந்துகிறது, அங்கேயே படிப்பாள். இவனுக்குப் பொருந்தவில்லை, மாற்றினோம். நாளைக்கு மகள் ஞாயிறு இரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தால் அவளையும் மாற்றுவோம். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் செருப்பு வாங்குவதை நீதி என்று யாரும் சொல்வதில்லையே!

ஆசிரியர்களிடம் இரண்டு வேண்டுகோள். தகப்பனின் பெயரை வகுப்புக்கு முன்னால் கேட்காதீர்கள். ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள், இரண்டு நிமிடம்தான் கூடச் செலவாகும். உதவிப் பொருள் வந்தால் பிள்ளையைக் காரியாலயத்துக்கு அழைத்தோ வீட்டாரிடமோ கொடுங்கள். மேடையும் படமும் வேண்டாம். பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும் உதவி செய்யும் சகோதரர்களுக்கும் இதையே சொல்வேன்.

இந்தத் தவணையில் அவன் வராத நாட்கள் நான்கு. கணிதத்தில் ஐம்பத்திரண்டு. அல்ஹம்துலில்லாஹ். சில நாட்களில் இன்னும் ஒன்றும் பேசாமல் அறைக்குள் இருக்கிறான். அதை நான் தோண்டுவதில்லை, தேநீரை வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

வழியில் அவனைக் கண்டால் ஏன் பாடசாலை மாறினாய் என்று கேட்காதீர்கள். கணிதம் எப்படிப் போகுது என்று கேளுங்கள். அவனுக்குத் துளியும் பிடிக்காத கேள்விதான். ஆனால் ஊரில் எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்கிற கேள்வி அது. துஆச் செய்யுங்கள்.