நடுவில் நின்ற சிப்பாய்

2024 டிசெம்பர் 12ஆம் திகதி மத்தியானம் எங்கள் றெஸ்ரோறன்ற் குசினியில் ஒரு சட்டி வெங்காயம் கருகிப் போனது. குற்றவாளி நான்தான். போனைச் சுவரோடு சாய்த்து வைத்துச் சிங்கப்பூரில் நடந்த உலகச் சம்பியன் பட்டச் செஸ் போட்டியின் 14ஆவது ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமநிலையில் முடியப்போகிறது என்று எல்லோரும் நினைத்திருக்க, 55ஆவது நகர்த்தலில் டிங் லிரென் கோட்டையைப் பிழையான இடத்தில் வைத்தார். கோட்டைகள் வெட்டுப்பட்டன. பிறகு பிஷப்புகளும் வெட்டுப்பட்டன. மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூட. 58ஆவது நகர்த்தலோடு டிங் கைகொடுத்துவிட்டார். சென்னைப் பெடியன், வயது 18, உலகச் சம்பியன்!

செவ் வந்து சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயம்.

அன்றிரவு பாத்திரங்கள் கழுவி முடித்து வீட்டுக்குப் போகும்போது, எனக்குச் சிப்பாய் ஆட்டத்தைக் காட்டித்தந்த மாஸ்ரரின் ஞாபகம் வந்தது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமத்திலிருந்து வந்து, வடமராட்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் சில மாதம் தங்கியிருந்தவர். கணக்கு மாஸ்ரர். எனக்கு அப்போது 13 வயது. கரண்ட் இல்லாத காலம். காட்போட் மட்டையில் கட்டம் கீறி, குப்பி விளக்கு வெளிச்சத்தில் விளையாடுவோம். சோடாமூடிதான் பெரிய காய்கள். சிப்பாய்க்குப் புளியங்கொட்டை. கறுப்புச் சிப்பாய் அப்படியே, வெள்ளைச் சிப்பாய்க்குச் சுண்ணாம்பு பூசியது.

ஒருநாள் அவர் ஆறு புளியங்கொட்டைகளை மட்டும் வைத்தார். செஸ் தெரியாதவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம், ஆனால் நின்று பார்த்தால் நட்டமில்லை. வெள்ளைச் சிப்பாய்கள் ஏ5, பி5, சி5. கறுப்பு ஏ7, பி7, சி7. ராஜாக்கள் தூரத்தில். வெள்ளையின் முறை. நேருக்கு நேர் மூன்றும் மூன்றும், பார்த்தால் ஒன்றும் நடக்காது போலத்தான் இருக்கும். மாஸ்ரர் நடுச் சிப்பாயை பி6க்குத் தள்ளினார். கறுப்பு அதை ஏ பக்கத்தால் வெட்டினால், வெள்ளை சி6. அதையும் பி7 சிப்பாய் வெட்டவேண்டும். இப்போது ஏ கரை திறந்துவிட்டது! ஏ6, ஏ7, ஏ8, ராணி. கறுப்பு சி பக்கத்தால் வெட்டினால், வெள்ளை ஏ6 என்று அடுத்ததைக் கொடுக்கும், சி சிப்பாய் ஓடும். வெட்டாமல் விட்டால் நடுச் சிப்பாயே வெட்டிக்கொண்டு உள்ளே போகும். எப்படிப் பார்த்தாலும் ஒன்று கரைசேரும்.

"ரெண்டைக் குடுத்து ஒண்டைக் காப்பாத்திறது. இதுதான் உடைச்சுக்கொண்டு போறது" என்றார் மாஸ்ரர். அன்று எனக்கு நித்திரையே வரவில்லை.

அவர் சொன்ன இன்னொன்றை நான் அன்று காதில் வாங்கவில்லை. கறுப்பின் முறையாக இருந்தால், கறுப்பும் அதே நடுச் சிப்பாயை பி6க்கு ஒரு அடி வைத்தால் போதும், வித்தை செத்துப்போகும். கறுப்பு ராஜா டி8 போல பக்கத்தில் நின்றாலும் சரிவராது. ஓடுகிற கடைசிச் சிப்பாயை அது பிடித்துவிடும். கொடுத்த இரண்டும் வீண். கொடுக்கிறது பெரிய காரியமில்லை, எண்ணிப்போட்டுக் கொடுக்கவேண்டும்.

இதை நான் திரும்பப் படித்தது ஆஹெனில். இங்கே 1856 என்ற ஆண்டைப் பெயரிலேயே வைத்திருக்கிற ஒரு செஸ் கழகம் இருக்கிறது. ஆனால் எனக்குக் கிழமை நாட்களில் இரவு வேலை. என் கழகம் எங்கள் கடையின் கடைசி மேசைதான். பென்சன் எடுத்த ஒரு ஜேர்மன்காரர் கடை பூட்டுகிற நேரத்துக்கு வருவார். ஒரு பியர், ஒரு ஆட்டம். ஒருநாள் மாஸ்ரரின் வித்தையைப் பெருமையோடு இறக்கினேன். அவருடைய ராஜா பக்கத்தில் நின்றதை நான் எண்ணவில்லை. மூன்றும் போய்விட்டன. மனுசன் சிரிக்காமல் விரலை மடக்கிக் காட்டினார், எண்ணு எண்ணு என்று.

சரி, ஏன் இந்தக் கதை?

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். அக்கா, அண்ணா, நான். 2004இல் எனக்கு யாழ். பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானபீடம் கிடைத்தபோது அண்ணா படிப்பை விட்டுவிட்டுக் கடையொன்றில் நின்றார். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டியது. இரண்டாம் வருடத்தோடு என் படிப்பு நின்றது. 2007இல் அக்காவின் சீதனக் காணியை ஈடு வைத்து ஏஜென்சிக்குக் காசு கட்டி என்னை அனுப்பினார்கள். அக்கா கலியாணம் கட்டும்போது வயது 37. காணியை நான் மீட்டுக் கொடுத்தது 2016இல்.

கனகாலமாக இதை நான் அந்தப் புளியங்கொட்டைக் கணக்காகத்தான் பார்த்தேன். இரண்டு போய் ஒன்று கரைசேர்ந்தது என்று. கரைசேர்ந்தது என்ன ராணியாகவா ஆனது? பொன்ற்ஸ்ட்ராஸவில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் புத்தகப் பையோடு போக, நான் அவர்கள் சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றேன். 2008 ஒக்ரோபரில் விஸ்வநாதன் ஆனந்த் பொன் நகரத்தில் கிராம்னிக்கோடு உலகச் சம்பியன் பட்டத்துக்கு விளையாடி வென்றார். இங்கிருந்து நூறு கிலோமீற்றர்கூட இல்லை. நான் அப்போது அசூல் கேட்டுவிட்டுக் காத்திருந்த ஆள். அனுமதி இல்லாமல் எல்லை தாண்ட ஏலாது. ரயில் ரிக்கற்றுக்குக் காசு இருந்தும் போகவில்லை. 2011இல் அப்பா செத்தபோதும் போகவில்லை. அது வேறு எல்லை.

குகேஷ் வென்றதற்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் போன் எடுத்தபோது இதைச் சொல்லிவிட்டேன். உங்கள் இரண்டு பேரையும் வெட்டக் குடுத்துத்தான் நான் வந்தனான் எண்டு. அக்கா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு ஏசினா.

"உனக்கென்ன விசரே? ஆரடா என்னை வெட்டினது? நான் இஞ்சதானே நிக்கிறன். அப்பாவின்ர செத்தவீட்டை நடத்தினது ஆர்? அம்மாவைப் பாக்கிறது ஆர்? அண்ணா இல்லாட்டி இந்த வீடு இருந்திருக்குமே? உன்ர பலகையிலை நாங்கள் இல்லையெண்டா, நீ பலகையைச் சரியாப் பாக்கேல்லை."

அன்றிரவு 1895ஆம் ஆண்டு ஹேஸ்ரிங்ஸில் பில்ஸ்பரி குன்ஸ்பெர்க்கோடு விளையாடிய கடைசிச் சுற்று ஆட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். 22 வயதுப் பெடியன் அந்த வெற்றியோடு லாஸ்கர், ஸ்டைனிற்ஸ், சிகோரின் எல்லோரையும் தாண்டி முதலாவதாக வந்த சுற்றுப்போட்டி. உடைத்துக்கொண்டு போவதற்கு உதாரணமாகப் புத்தகங்கள் காட்டுகிற ஆட்டம். முதலில் எஃப்5. பிறகு சி6. கடைசியாக இ4 என்று ஒரு சிப்பாயைக் கொடுத்து, டி5, இ6 என்று இரண்டு சிப்பாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிடுகிறார். நானும் எத்தனையோ தரம் பார்த்த ஆட்டம்தான். ஆனால் கடைசியில் ஓடிப்போவது அந்த இரண்டுமல்ல. எச் கரைக்கு வந்த சிப்பாய்! அது எச்7க்கு வந்ததும் குன்ஸ்பெர்க் தோல்வியை ஒப்புக்கொள்கிறார்.

டி5உம் இ6உம் கடைசிவரை பலகையில்தான் நிற்கின்றன. அவை நிற்கிறபடியால்தான் கறுப்பு ராஜாவால் அசைய முடியவில்லை. அவை வெட்டுப்பட்டவை அல்ல, பிடித்துக்கொண்டு நிற்பவை. ஓடினவனைப் பற்றித்தான் எல்லோரும் கதைக்கிறார்கள். நானும் என்னைப் பற்றித்தான் இவ்வளவு காலமும் கதைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எங்களில் கனபேர் ஊரில் நிற்பவர்களைத் "தியாகம் செய்தவர்கள்" என்று ஒரு சொல்லில் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிறோம். காசு அனுப்பினால் கணக்கு முடிந்தது என்றும் நினைக்கிறோம். அவர்கள் இன்னும் பலகையில் நிற்கிறார்கள், ஐயா.

அக்கா போனை வைக்கமுதல் கேட்டது ஒன்றுதான். "கதையை விடு. நீ எப்ப வாறாய்?"

இப்போது என் கையில் ஜேர்மன் பாஸ்போட் இருக்கிறது. ராஜா எங்கே நிற்கிறது, எத்தனை அடி என்று நான்கூட எண்ணிப் பார்த்துவிட்டேன். செவ்விடம் மூன்று கிழமை லீவு கேட்டிருக்கிறேன். வெங்காயத்தை அவர் இன்னும் மறக்கவில்லை, ஆனாலும் ஓம் என்றுவிட்டார்.