பதிவேட்டின் சாவி யாரிடம்?

கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

நம் பழைய மாணவர் பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் வேலை முடிந்துவிட்டது. போன வாரம் இதைச் சொன்னதிலிருந்து போனில் ஒரே கேள்விதான் வருகிறது. "டீச்சர், எங்க நம்பரெல்லாம் பத்திரமா இருக்குமா?" நியாயமான கேள்வி. உங்கள் பெயர்களைக் கேட்டு வாங்கியவள் நான். பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்காது. சில வருடங்களுக்கு முன் ஒரு பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் பெயர், விலாசம், போன் எல்லாம் போட்ட எக்செல் ஒன்று சுற்றியது. நல்லெண்ணத்தோடு தயாரித்ததுதான். அது கைமாறிக் கைமாறி, கணவரைப் பிரிந்து தனியாக இருந்த நம் மாணவி ஒருத்தியின் புது விலாசம், யாருக்குத் தெரியக் கூடாதோ அவர்களிடமே போய்ச் சேர்ந்தது. அவள் வீடு மாற வேண்டியதாயிற்று. வருடத்தின் நடுவில் பிள்ளையின் பள்ளிக்கூடத்தையும் மாற்றினாள். பதிவேடு பற்றி நான் பேச்செடுத்ததும் அவள் சொன்னது இது: "என் பேரு இருக்கட்டும் டீச்சர். ஆனா யார் யார் பார்ப்பாங்கன்னு எனக்குத் தெரியணும்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த வயதில் இதையெல்லாம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவன் 2006 பேட்ச். ஓ.எம்.ஆரில் வேலை. சனிக்கிழமைகளில் மெட்ரோவில் நந்தனத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்துவிடுவான். ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்ச். இப்போது எனக்கே வாத்தியார்!

கிளவுட் என்றால் ஆகாயத்தில் எங்கோ இருப்பது என்று நம் உறவினர்களில் சிலர் நினைக்கிறார்கள். அது வேறொருவர் கட்டடத்தில், குளிரூட்டிய அறையில் ஓடும் கம்ப்யூட்டர். அதில் ஓர் இடத்தை நாம் வாடகைக்கு எடுக்கிறோம். மைக்ரோசாஃப்ட் 2015-இல் நம் சென்னையிலேயே அப்படி ஒரு மையத்தைத் திறந்தது. அமேசான் 2016-இலும் கூகுள் 2017-இலும் மும்பையில் திறந்தன. நம் பதிவேடு இருப்பது மும்பையில். அதைப் பராமரிக்கும் மென்பொருள் போஸ்ட்கிரெஸ். 1986-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாகத் தொடங்கியது. இன்று யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

நீங்கள் போனில் திறக்கும் பக்கத்துக்குப் பின்னால் ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது. அது மும்பையிலிருக்கும் பதிவேட்டோடு பேச நடுவில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கிளையன்ட் லைப்ரரி என்று பெயர். டிரைவர் என்றும் சொல்கிறார்கள். நம் ஸ்கூல் ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய டி.சி. நகல் வேண்டுமென்றால் யாரும் நேராக ரெக்கார்டு ரூமுக்குள் நுழைய முடியாது. சீட்டு எழுதிக் கொடுத்தால் அட்டெண்டர் போய் எடுத்து வருவார். இந்த லைப்ரரி அந்த அட்டெண்டர் மாதிரி. பைத்தான் மொழிக்குச் சைகோபிஜி என்று ஒன்று இருக்கிறது. அதை ஒரே வரியில் நிறுவிவிடலாம். ஆனால் அந்த ஆளை எப்படி வேலைக்கு வைக்கிறோம் என்பதில்தான் உங்கள் நம்பரின் பத்திரம் இருக்கிறது.

முதலில் வழி. போகும் தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கி அனுப்பலாம். இதற்கு எஸ்எஸ்எல் மோட் என்று ஓர் அமைப்பு உண்டு. நாம் ஒன்றும் சொல்லாமல் விட்டால் 'பிரிஃபர்' என்பதில் நிற்கும். முடிந்தால் மறைத்து அனுப்பு, முடியாவிட்டால் திறந்தே அனுப்பு என்று அர்த்தம். 'ரிகொயர்' என்றால் கட்டாயம் மறைக்கும். ஆனால் எதிர்முனையில் இருப்பது நம் பதிவேடுதானா என்று பொதுவாகப் பார்க்காது. 'வெரிஃபை ஃபுல்' என்று போட்டால்தான் சான்றிதழையும் பெயரையும் சரிபார்த்த பிறகு பேசும். "பேங்க்லேருந்து பேசறோம்" என்று வரும் போன்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோமே! லைன் சுத்தமாக இருந்தால் போதாது, பேசுவது யார் என்றும் தெரிய வேண்டும். நாங்கள் வெரிஃபை ஃபுல் போட்டிருக்கிறோம்.

அடுத்தது சாவி. பதிவேட்டுக்குள் போகும் கடவுச்சொல்லைப் புரோகிராமுக்குள் எழுதி வைக்கக் கூடாது. அது ஓடும் இயந்திரத்தில் தனியாக வைத்து, தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். கல்லூரியில் படிக்கும் பேரப்பிள்ளைகள் கவனியுங்கள். புராஜெக்டை கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி ஏற்றும்போது கடவுச்சொல்லும் சேர்ந்து போய்விட்டால், அடுத்த நாள் அந்த வரியை அழித்துப் பயனில்லை. பழைய பிரதி அதன் வரலாற்றில் அப்படியே இருக்கும். கடவுச்சொல்லையே மாற்றிவிட வேண்டும். போனில் நிறுவும் ஆப்புக்குள்ளும் பதிவேட்டின் கடவுச்சொல்லை வைக்காதீர்கள். ஆப்பைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் எடுத்துவிடுவார்கள்.

மூன்றாவது, சீட்டு எழுதும் முறை. சாந்தோம் பக்கத்துப் பிள்ளைகள் சிலரின் குடும்பப் பெயரில், ஆங்கிலத்தில் எழுதும்போது, நடுவில் மேற்குறி ஒன்று வரும். பெயரை அப்படியே கட்டளை வாக்கியத்தில் ஒட்டினால் அந்தக் குறி வாக்கியத்தை உடைத்துவிடும். விஷமம் தெரிந்தவன் அதே ஓட்டை வழியாக "எல்லா நம்பரையும் கொடு" என்று தன் கட்டளையையே நுழைத்துவிடுவான். அதனால் கட்டளையில் கோடிட்ட இடம் விட்டு, பெயரைத் தனியாக லைப்ரரியிடம் கொடுக்க வேண்டும். அப்போது என்ன எழுதினாலும் அது வெறும் பெயராக மட்டுமே பார்க்கப்படும். கோடிட்ட இடத்தை நிரப்புவது நம் பிள்ளைகளுக்குப் புதிதா என்ன!

நான்காவது நம் தமிழுக்கே உரிய சங்கதி. 'கோமதி' என்று தேடினால் சில கோமதிகள் வரவில்லை. யூனிகோடில் 'கோ' என்பதன் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம். இரட்டைக் கொம்பாக முன்னால் வரும் ஏகாரக் குறி, பின்னால் வரும் கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு. எழுதும் முன்னும் தேடும் முன்னும் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். போஸ்ட்கிரெஸின் 13-ஆம் பதிப்பிலிருந்து அதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. அதைச் சேர்த்ததும் விடுபட்ட கோமதிகளும் வந்து நின்றார்கள். ஆஜர்!

ஐந்தாவது கூட்டம். போஸ்ட்கிரெஸ் நாம் மாற்றாதவரை ஒரே நேரத்தில் 100 இணைப்புகளுக்குத்தான் இடம் தரும். ஒவ்வொரு தேடலுக்கும் புது இணைப்பு திறந்து மூடாமல் விட்டால், ஆண்டு விழா நாளில் எல்லோரும் திறக்கும்போது கதவு அடைபட்டுவிடும். அதனால் சில இணைப்புகளை மட்டும் திறந்து வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். இதற்கு 'பூல்' என்று பெயர்.

கடைசியாக, அவள் கேட்ட கேள்வி. யார் பார்ப்பார்கள்?

பதிவேட்டுக்குள் போக இரண்டு கணக்குகள் வைத்திருக்கிறோம். பக்கத்துக்கான கணக்கு பெயர், பேட்ச், ஊர், ரத்த வகை ஆகிய நான்கு பத்திகளை மட்டுமே படிக்கும். போன் நம்பர் பத்தியைப் படிக்க அதற்கு உரிமையே தரவில்லை. விலாசம் பதிவேட்டிலேயே கிடையாது. நம்பரைப் பார்ப்பது என்னிடமுள்ள இன்னொரு கணக்கில் மட்டும். ஒருவருக்கு இன்னொருவரின் நம்பர் வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள். நான் சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டுக் கேட்டு, அவர் சரி என்றால்தான் தருவேன்.

முடித்ததும் ஒரு சோதனை செய்தோம். பக்கத்தின் கணக்கிலிருந்தே நம்பர் பத்தியைக் கேட்கும்படி அவனிடம் சொன்னேன். 'பர்மிஷன் டினைடு' என்று பதில் வந்தது. மூன்று முறை கேட்கச் சொன்னேன். மூன்று முறையும் அதே பதில். நாளைக்கே அந்தப் பக்கத்தின் புரோகிராமில் ஏதாவது ஓட்டை விழுந்தாலும், அதன் வழியாக உங்கள் நம்பர் வெளியே போகாது. நான் கொடுக்கும் வாக்கை மட்டும் நம்பி நீங்கள் இருக்க வேண்டியதில்லை.

அன்று மாலையே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு இதையெல்லாம் விளக்கினேன். நிறையக் கேள்வி கேட்டாள். "உங்க கணக்கோட பாஸ்வேர்டு எங்கே வெச்சிருக்கீங்க டீச்சர்?" என்றும் கேட்டாள். கேட்டாளே என்று சந்தோஷமாக இருந்தது. மறுநாள் பெயர், பேட்ச், ரத்த வகை மூன்றையும் தானே பதிந்தாள். ஊர் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாள். அது அவள் இஷ்டம். காலியாகவே இருக்கட்டும்.

உங்களில் பலர் இந்தத் துறையிலேயே வேலை செய்கிறீர்கள். வங்கிக்கும் மருத்துவமனைக்கும் இதே லைப்ரரிகளை அமைத்துக் கொடுக்கிறீர்கள். பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அபராதத்தை விடுங்கள். நேரமில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓர் அமைப்பை அப்படியே விடும்போது, அந்தப் பட்டியலில் வீடு மாற வேண்டிய நிலையில் ஒருத்தி இருக்கலாம் என்று ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள், எங்கே பெயரும் நம்பரும் கேட்டாலும், "யார் பார்ப்பாங்க?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

தங்கள் பெயரே வேண்டாம் என்பவர்கள் எனக்கு ஒரு வரி எழுதினால் போதும், அன்றே எடுத்துவிடுகிறேன். காரணம் கேட்க மாட்டேன். ரத்த வகையை இன்னும் தராதவர்கள் இந்த மாதத்துக்குள் அனுப்பிவிடுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
நந்தனம்