நான்காவது குதிரை

2016 ஆகஸ்ட், ரியோ டி ஜெனிரோ. ஒலிம்பிக் குதிரைத் தடைதாண்டல் அணிப் போட்டியின் முதல் சுற்று முடிந்திருந்தது. அமெரிக்க அணியின் மூத்த வீராங்கனை பீஸி மேடன் செலுத்திய கோர்ட்டெஸ் சி என்னும் குதிரைக்குக் காலில் தசைநாண் காயம் இருப்பது அப்போது தெரியவந்தது. மறுநாள் இறுதிச் சுற்று. குதிரையை விலக்கிக்கொண்டார்கள். எஞ்சிய மூவரும் களமிறங்கி வெள்ளிப் பதக்கம் வென்றார்கள்.

அந்த முடிவை எடுக்கத் துணிச்சல் வேண்டியிருந்திருக்கலாம்; ஆனால் தியாகம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. விதியே அதற்கு இடம் வைத்திருந்தது. ஓர் அணிக்கு நால்வர். அவர்களுள் சிறந்த மூவரின் கணக்கே அணியின் கணக்கு. கம்பம் விழுந்தால் 4 தண்டப் புள்ளிகள். குதிரை தடையின் முன் நின்றுவிட்டால் இன்னொரு 4. மறுபடியும் நின்றாலோ, செலுத்துபவர் கீழே விழுந்தாலோ அத்துடன் வெளியேற்றம். நால்வருள் ஒருவருக்கு இவை அனைத்தும் நேர்ந்தாலும் அணி பிழைத்துக்கொள்ளும். மூன்று உள்மதிப்பீட்டுத் தேர்வுகளில் சிறந்த இரண்டை மட்டும் கணக்கிடும் பல்கலைக்கழக வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காய்ச்சலோடு தேர்வறைக்கு வரத் தேவையில்லை என்று மாணவரிடம் சொல்லாமல் சொல்வது அந்த வழக்கம்.

ரியோ முடிந்த மூன்றே மாதங்களில், டோக்கியோவில் கூடிய சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் பொதுச்சபை ஒலிம்பிக் அணியை மூவராகக் குறைத்தது. மூவரின் கணக்கும் சேரும் என்றும் விதித்தது. காரணம் எளிய பெருக்கல். ஒலிம்பிக் தடைதாண்டலுக்கு மொத்தம் 75 இடங்கள். அவற்றுள் அணிகளுக்கு 60. நால்வர் வீதம் பிரித்தால் 15 நாடுகள், மூவர் வீதம் பிரித்தால் 20 நாடுகள். கூடவே இன்னொரு வாதமும் வைக்கப்பட்டது: யாருடைய புள்ளி சேரும், யாருடையது சேராது என்று பார்வையாளர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மூவரின் வெற்றி முடிவைத் தீர்மானித்துவிட்டால், நான்காமவராக நிற்கும் புகழ்மிக்க வீரர் களமிறங்காமலேயே போட்டி முடிந்துவிடுவதும் உண்டு. இனி அப்படி நேராது.

இந்த வாதங்களை எள்ளி நகையாடுவது நியாயமாகாது. குதிரையேற்றம் ஐரோப்பாவின் சில நாடுகளும் வட அமெரிக்காவும் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் விளையாட்டாகவே நெடுங்காலம் இருந்துவந்திருக்கிறது. நான்கு உயர்தரக் குதிரைகளை ஒரே நேரத்தில் திரட்டுவது செல்வநாடுகளுக்கே இயலும். மூன்று என்றால் இன்னும் சிலருக்குக் கதவு திறக்கிறது. இந்தியா போன்ற நாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சிறிய செய்தி அன்று.

ஆயினும் 2021இல் நடந்த டோக்கியோ போட்டிகள், அந்தக் கதவுக்குக் கொடுக்கப்பட்ட விலையைக் காட்டின. தகுதிச் சுற்றில் அயர்லாந்தின் ஒரு குதிரை தடையில் மோதி, தன்னைச் செலுத்தியவரோடு சேர்ந்தே விழுந்தது; அத்துடன் அந்த அணி முழுவதும் வெளியேறியது. இறுதியில் பிரான்சின் மூன்றாம் வீராங்கனை பெனலோப் லெப்ரவோ களமிறங்கியபோது பதக்கம் அணியின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவருடைய குதிரை இருமுறை தடையின் முன் நின்றது. அணிக்கு எதுவும் மிஞ்சவில்லை. ரியோவில் தங்கம் வென்ற பிரெஞ்சு நால்வருள் இவரும் ஒருவர். அதே போட்டியின் முடிவில் ஸ்வீடனும் அமெரிக்காவும் தலா 8 புள்ளிகளில் சமநிலையில் நின்று, மறுதாண்டலில் நொடிக்கணக்கில் ஸ்வீடன் தங்கம் வென்றது. பார்ப்பதற்கு அதைவிடப் பரபரப்பான இறுதி அமைவது அரிது. இதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வீரர்களின் சங்கம் தொடக்கம் முதலே இம்மாற்றத்தை எதிர்த்தது. சுற்றுக்கு முன் மாற்று வீரரை இறக்கலாமே என்பது அதற்குச் சொல்லப்படும் விடை. கோர்ட்டெஸுக்கு நேர்ந்ததுபோல் முன்கூட்டியே தெரிந்த காயத்துக்கு அந்த ஏற்பாடு போதும். ஆனால் ஐந்தாவது தடையைத் தாண்டி இறங்கும்போது குதிரையின் நடையில் ஏதோ பிசகுவதைச் சேணத்தில் அமர்ந்திருப்பவர் உணர்கிறார் என்று கொள்வோம். நாற்காலியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. அவருக்கே உறுதியாகத் தெரியாது. நால்வர் அணியில் அவர் கையை உயர்த்திச் சுற்றைக் கைவிடலாம். மூவர் அணியில் கை உயர்ந்தால் இருவரின் நான்காண்டு உழைப்பும் அதோடு போகிறது. அவர் குதிரையை நேசிக்கிறாரா என்பதை ஐயுற வேண்டியதில்லை. ஐயத்தின் பயனைக் குதிரைக்குக் கொடுக்கும் வசதியை விதி அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது என்பதே குறை. அந்தக் கணத்தில் கருத்துச் சொல்ல முடியாத ஒரே உறுப்பினரும் குதிரைதான். பாரிஸில் 2024இலும் இதே முறைதான் தொடர்ந்தது.

2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றது இதற்கு மறுபக்கம். அது தடைதாண்டல் அன்று, டிரெஸ்ஸாஜ் என்னும் குதிரை நடைப் போட்டி. அணிக்கு நால்வர், சிறந்த மூவரின் கணக்கு. இந்தியாவின் 209.205 என்ற மொத்தத்தில் ஒருவரின் மதிப்பெண் சேரவில்லை. பதக்கம் நால்வரின் கழுத்திலும் ஏறியது. அந்த நான்காமவர் அணிக்குப் பாரமாக இருந்தார் என்று எவரும் சொல்லவில்லை. ஏனைய மூவர் அச்சமின்றிச் செலுத்தியதற்கு அவரும் ஒரு காரணம்.

2024இல் தொடங்கிய லீக் ஆஃப் நேஷன்ஸ் தொடர் ஒரு நடுவழியைப் பிடித்திருக்கிறது. முதல் சுற்றில் நால்வர், ஒருவரின் கணக்கு விடப்படும். இரண்டாம் சுற்றில் மூவர் மட்டும், எல்லாக் கணக்கும் சேரும். யாரை நிறுத்தி வைப்பது என்பதை அணித்தலைமை இடையில் முடிவு செய்யும். களைத்த குதிரைக்கு ஒரு வாயில் இங்கே மீண்டும் திறக்கிறது, பாதியளவேனும். ஒலிம்பிக்குக்கு இதைக் கொண்டுவந்தால் 20 நாடுகள் என்ற கணக்கு உடைந்துபோகும். 75 என்ற எண்ணைக் கூட்ட எவரும் முன்வருவதாகத் தெரியவில்லை.

ரியோவின் வெள்ளிப் பதக்கப் பட்டியலில் பீஸி மேடன், கோர்ட்டெஸ் சி என்ற பெயர்கள் மற்ற மூன்று இணைகளோடு சேர்ந்தே பதிவாகியுள்ளன.